நடுவட்டத்தில் இறங்கிப் பாருங்கள்!

ஊட்டிக்குப் போகாத குடும்பம் நம்மில் குறைவு. ஏரியில் படகு விட்டு, ரோஜாத் தோட்டம் பார்த்து, வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொண்டு திரும்பி விடுகிறோம். கொஞ்சம் உற்சாகம் ஜாஸ்தி உள்ளவர்கள் பைக்காரா வரை போவார்கள். மைசூருக்கோ வயநாட்டுக்கோ போகிறவர்கள் அதையும் தாண்டிக் கூடலூர் ரோட்டில் இறங்குவார்கள். அந்த ரோட்டில், ஊட்டியிலிருந்து சுமார் 32 கிலோமீட்டரில் ஒரு சின்ன பஜார் வரும். சில டீக்கடைகள், காய்கறிக் கடை, பஸ் நிற்கும் இடம், அவ்வளவுதான். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேருக்குத் தலைசுற்றல். கண்டக்டர் "நடுவட்டம், நடுவட்டம்" என்று குரல் கொடுத்துவிட்டு விசில் ஊதி விடுவார். பஸ்ஸும் போய்விடும்.

அந்த ஊரில் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பார்க்க அழகான ஊர்தான், ஆனால் அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. நம் பாட்டிமார் காலத்தில் குளிர்காய்ச்சலிலிருந்து எத்தனையோ பேர் பிழைத்து எழுந்ததில் இந்தச் சின்ன ஊருக்கு ஒரு பங்கு உண்டு. அது நம்மில் பலருக்குத் தெரியாது.

அத்தையின் ஆசை

நாங்கள் இருப்பது திருப்பூரில். என் மாமியாருக்கு வயது 87. கண் பார்வையும் நடையும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. "அத்தை, இந்தப் பொங்கல் லீவுக்கு உங்களை எங்கேயாவது கூட்டிப் போகணும்னு உங்க பிள்ளை சொல்றாங்க. பழனியா, திருச்செந்தூரா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டேன்.

"கோயிலெல்லாம் பார்த்தாச்சு கண்ணு. கூடலூருக்கு மேல மலையில கொய்னா மரம் இருக்குமாம். அதை ஒருக்கா கண்ணால பார்க்கணும்" என்றார்.

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. அத்தை பிறந்து வளர்ந்தது கூடலூரில் என்பது தெரியும். அவருடைய அப்பா அங்கே ரோடு போடும் வேலையில் மேஸ்திரியாக இருந்தவர். கல்யாணமாகி இங்கே வந்தபின் அத்தை அந்தப் பக்கம் போனதே இல்லை. அந்த ஊர்ப் பேச்சையும் எடுத்ததில்லை. கொய்னா என்று அவர் சொன்னது க்வினைனை. நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அது எடுக்கும் மரத்துக்குச் சின்கோனா என்று பெயர்.

தை மாதம் பனி குறைந்ததும் நான், என் கணவர், அத்தை, காலேஜில் படிக்கும் என் மகள், நாலு பேருமாகக் காரில் கிளம்பினோம். வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வருவதற்கு, கோர்ட் உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்திருக்கிறது. என் மகள் அதை செல்போனிலேயே எடுத்துவிட்டாள்.

வழியெல்லாம் தண்ணீர்

ஊட்டியில் ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் புறப்பட்டோம். தலைகுந்தாவில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் போனால் 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் கல்லட்டி வழியாக மசினகுடி. நேரே போனால் கூடலூர். நாங்கள் நேரே போனோம். காமராஜ் சாகர் அணை, பைன் மரக்காடு, மொட்டைப் புல்வெளிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

பைக்காரா ஆறு தோடர்களுக்குப் புனிதமான ஆறு. நமக்கு வேறு வகையில் வேண்டிய ஆறு. 1932-ல் இந்தத் தண்ணீரை மலையிலிருந்து சிங்காராவுக்குக் குழாய்களில் இறக்கி மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கரண்ட் வந்த பிறகுதான் கோயமுத்தூர் பக்கம் மில்கள் பெருகின. "நம்ம பக்கத்து ஜனங்க பாதிப் பேருக்குச் சோறு போட்டது இந்த ஆறுதான்" என்று என் கணவர் வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டார்.

பைக்காராவைத் தாண்டியதும் புல்வெளி மறைந்து தேயிலைத் தோட்டம் தொடங்குகிறது. நடுவட்டம் நீலகிரிப் பீடபூமியின் மேற்கு விளிம்பில், 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. அதைத் தாண்டினால் ரோடு 18 கிலோமீட்டரில் கூடலூருக்கு இறங்கிவிடும். கூடலூர் கிட்டத்தட்ட 3,500 அடிதான். இந்த விளிம்பில் நின்றால் ஒரு வேடிக்கை தெரியும். பின்பக்கம் பைக்காராவில் விழும் மழை மாயாறாகிப் பவானியில் சேர்ந்து, காவிரியோடு வங்கக் கடலுக்குப் போகிறது. முன்பக்கம் கூடலூர்ப் பள்ளத்தில் விழும் மழை பாண்டியாறு வழியாகச் சாலியாற்றில் கலந்து அரபிக் கடலுக்குப் போகிறது. ஒரே மேகம், இரண்டு சமுத்திரம்!

எங்கள் தெருவில் ஓர் அம்மா ஜெர்மனியில் மகன் வீட்டுக்குப் போய்வந்து ரைன் நதிப் படங்களைக் காட்டினார். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர் தூரம் ஆற்றின் இரு கரையிலும் சரிவு சரிவாகத் திராட்சைத் தோட்டம், குன்றுக்குக் குன்று கல்கோட்டை. 2002-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததாம். ஜனங்கள் கப்பலில் போய்ப் பார்த்து, அங்கேயே காய்த்த திராட்சையின் வைனை வாங்கி வருகிறார்கள். நடுவட்டத்தில் நின்று கீழே பார்க்கும்போது எனக்கு அந்தப் படங்கள்தான் ஞாபகம் வந்தன. இங்கும் பள்ளத்தாக்கு இருக்கிறது, ஆறு இருக்கிறது, சரிவெல்லாம் தோட்டம் இருக்கிறது. கோட்டைக்குப் பதில் ஒரு கல் சிறைச்சாலை இருக்கிறது. அங்கே விளைந்தது தித்திப்பு, இங்கே விளைந்தது கசப்பு. அங்கே போய்ப் பார்க்க ஆயிரம் பேர், இங்கே இறங்க ஆளில்லை!

மரப்பட்டை வந்த கதை

சின்கோனாவின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. அந்தப் பட்டையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் குளிர்காய்ச்சல் விடும் என்பது 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குத் தெரியவந்தது. பெருவில் இருந்த சின்சோன் சீமாட்டி அதனால் பிழைத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமில்லை என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் லின்னேயஸ் என்ற தாவர நிபுணர் 1742-ல் அந்தச் சீமாட்டியின் பெயரையே மரத்துக்கு வைத்தார். அதிலும் ஓர் எழுத்தை விட்டுவிட்டு வைத்தார்!

இந்தப் பட்டைக்கும் வைனுக்கும்கூட ஒரு சம்பந்தம் உண்டு. ராபர்ட் டால்பர் என்ற ஆங்கிலேயர் ரகசிய மருந்து என்று சொல்லி இங்கிலாந்து ராஜாவின் காய்ச்சலையும் பிரான்ஸ் இளவரசரின் காய்ச்சலையும் போக்கினார். அவர் இறந்தபின் 1682-ல் பிரான்ஸ் ராஜா அந்த ரகசியத்தை வெளியிட்டபோதுதான் தெரிந்தது, அது வைனில் ஊறவைத்த சின்கோனாப் பட்டை என்று. நாம் குழந்தைக்குக் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோமே, அந்த மாதிரிதான். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் மலேரியா இருந்தது. ரைன் நதியின் மேல்பகுதியிலேயே இருந்தது.

1820-ல் பிரான்ஸில் பெல்லெத்தியே, கவாந்து என்ற இருவர் பட்டையிலிருந்து க்வினைனைத் தனியாகப் பிரித்தார்கள். அதன் பிறகு கிராக்கி ஏறியது. இந்தியாவில் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் மலேரியாவில் விழுந்துகொண்டே இருந்ததால், இந்த மரத்தை இங்கேயே வளர்க்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் முடிவு செய்தது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் பெருவுக்குப் போய்க் கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் கப்பலேற்றினார். அவை 1860-ல் ஊட்டிக்கு வந்து சேர்ந்தும் பிழைக்கவில்லை. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் சேகரித்த சிவப்புப் பட்டைக் கன்றுகள்தான் 1861-ல் நானூறுக்கு மேல் உயிரோடு வந்து சேர்ந்தன.

அவற்றை வளர்த்தவர் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரஹாம் மெக்கைவர். குளிர் ஜாஸ்தியான தொட்டபெட்டாவில் ஒரு வகை, கொஞ்சம் தாழ்வான நடுவட்டத்தில் சிவப்புப் பட்டை வகை என்று பிரித்து நட்டார். அவர் ஒரு நல்ல யுக்தி கண்டுபிடித்தார். மரத்தை வெட்டாமல், பட்டையை நீள நீளமான நாடா போல ஒன்று விட்டு ஒன்றாக உரித்து, உரித்த இடத்தில் ஈரப் பாசியை வைத்துக் கட்டிவிடுவார். புண்ணுக்குப் பத்துப் போடுகிற மாதிரி! அங்கே புதுப் பட்டை வளரும். புதுப் பட்டையில் க்வினைன் இன்னும் ஜாஸ்தி இருந்தது. மரமும் சாகாது, மருந்தும் கிடைக்கும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடுவட்டத்திலேயே அரசாங்க க்வினைன் தொழிற்சாலையும் வந்தது. 1892-ல் வங்காளத்தில் தபால் ஆபீஸ்களிலேயே காலணாவுக்கு ஒரு க்வினைன் பொட்டலம் விற்க ஆரம்பித்தார்கள்; பிறகு மற்ற மாகாணங்களிலும் அந்த வழக்கம் பரவியது. கடுதாசி வாங்கப் போகிறவர் காய்ச்சல் மருந்தும் வாங்கி வரலாம்!

சீனர்களின் சிறை

டீக்கடையில் விசாரித்தபோது, "ஜெயில் பார்க்கணுமா? டான்டீ இடத்துக்குள்ள இருக்கு, அங்க கேட்டுட்டுப் போங்க" என்றார்கள். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்தைத்தான் எல்லாரும் டான்டீ என்கிறார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு போனோம்.

கல்லால் கட்டிய சின்னக் கட்டடம். கனமான சுவர், சின்னச் சின்ன அறைகள். உள்ளே நின்றால் வெயில் நேரத்திலேயே கால் சில்லிட்டுப் போகிறது. மார்கழி ராத்திரியில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். என் மகள் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இங்கே இருந்தவர்கள் சீனர்கள். அபினி யுத்தத்தில் பிடிபட்ட கைதிகள் என்று ஊரில் சொல்கிறார்கள். 1908-ல் வெளிவந்த நீலகிரி கெஜட்டியர் வேறு மாதிரி சொல்கிறது. சிங்கப்பூர், பினாங்கு அடங்கிய ஸ்ட்ரெயிட்ஸ் குடியேற்றங்களில் தண்டனை பெற்று, அங்கே சிறையில் இடம் போதாததால் இங்கே அனுப்பப்பட்டவர்கள் என்று அதில் இருக்கிறது. எப்படி இருந்தாலும் கடல் கடந்து வந்தவர்கள். இந்தக் காட்டை வெட்டிக் குழி தோண்டிச் சின்கோனா நட்டதில் அவர்கள் கையும் இருக்கிறது. மெக்கைவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. குழி தோண்டியவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

விடுதலையான பின் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவுகளில் தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறியும் காபியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். சென்னை மியூசியத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பார்த்து, 1909-ல் வந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவராக மாறியபோது தம் பின்னலை வெட்டிவிட்டார்களே என்பது ஒன்றுதான் ஒரு சீனருக்கு இருந்த ஒரே குறையாம்! பாஷை தெரியாத, சிறை வாசம் முடிந்த ஒருவருக்குக் கழுத்தை நீட்டி, அந்தக் குளிரில் குடித்தனம் நடத்திய அந்தத் தமிழ்ப் பெண்களைத்தான் நான் ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். மிளகு ரசத்தை அவர்கள் அவருக்குப் பழக்கினார்களா, அவர் இவர்களுக்கு எதைப் பழக்கினாரோ!

கொய்னா மரத்தடியில்

சிறையைப் பார்த்தாயிற்று. ஆனால் அத்தை வந்தது அதற்கில்லை. மரம் எங்கே? சின்கோனாத் தோட்டமெல்லாம் இப்போது தேயிலையாகிவிட்டது. அங்கங்கே தப்பிய மரங்கள் சில மட்டும் நிற்கின்றன. தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா விறகுக் கட்டோடு வந்தார். அவரைக் கேட்டோம்.

"கொய்னா மரமா? அதைப் பாக்க யாருங்க வருவாங்க?" என்று சிரித்துவிட்டுக் கட்டை இறக்கி வைத்து, எங்களை ஒரு சரிவுக்குக் கூட்டிப் போனார். "இதுதாங்கம்மா."

பெரிய மரமென்று சொல்ல முடியாது. நெடுநெடு என்று வளர்ந்து, எதிரெதிராகப் பெரிய இலைகள். உதிரப்போகும் இலைகள் மட்டும் நல்ல சிவப்பு. நம் காபி, இட்லிப்பூ, நுணா எல்லாம் இதே குடும்பம் என்று மகள் சொன்னாள். அவள் தாவரவியல் படிக்கிறாள்.

அத்தை மரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு அடிமரத்தில் கையை வைத்துக்கொண்டு, எங்களிடம் இதுவரை சொல்லாததைச் சொன்னார்.

"எனக்கு ஏழு வயசு இருக்கும். எங்கக்காவுக்குப் பத்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவளுக்குக் குளிர் வந்துரும். நாலு போர்வை போத்தினாலும் கட்டில் கடகடன்னு ஆடும். அப்புறம் அனலாக் கொதிக்கும். அப்புறம் வேர்த்துக் கொட்டி, எந்திரிச்சு உட்கார்ந்து ரசஞ்சோறு கேப்பா. சரியாப் போச்சுன்னு நினைப்போம். மறுபடி வரும். அது சண்டைக் காலம் கண்ணு. கொய்னா எங்க கேட்டும் கிடைக்கலை. மலை மேலதான் அது விளையுதுன்னு எல்லாரும் பேசிக்குவாங்க. எங்கப்பா விடியக்காலம் எந்திரிச்சு நடந்தே மலை ஏறினாரு. யாரோ ஒரு புண்ணியவான் ஒரே ஒரு பொட்டலம் குடுத்திருக்காரு. கொண்டுக்கிட்டு ஓடி வாரதுக்குள்ள அக்கா போயிட்டா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். அந்தப் பொட்டலத்தைத்தான் எனக்குக் குடுத்தாங்க. அவ மருந்தைத் தின்னு நான் பொழைச்சேன்" என்றார்.

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐம்பது வயதில் அவருக்கே இது புதுச் செய்தி. அந்தப் பெரியம்மாவின் பெயரைக்கூட எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது: ராஜாத்தி.

விறகு கொண்டுவந்த அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க கண்டிப் பக்கமுங்க. 74-ல ராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் கேம்ப்புல இருந்து இங்க அனுப்பினாங்க. எனக்குப் பத்து வயசு. இந்தக் குளிர்ல எங்க தம்பி தங்கலைங்க" என்றார். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசாங்கத் தேயிலைத் திட்டம் இங்கே தொடங்கியது. அதுவே பிறகு டான்டீ ஆயிற்று. சீனர் நட்ட மண்ணில் கண்டியிலிருந்து வந்தவர்கள் கொழுந்து பறித்திருக்கிறார்கள். இரண்டு பாட்டிகளும் மரத்தடியில் உட்கார்ந்து, நாங்கள் கொண்டுபோன புளிசாதத்தைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.

ஏன் கிடைக்கவில்லை?

"மருந்து விளையற மலைக்குக் கீழேயே மருந்தில்லைன்னா எப்படி?" என்று மகள் ரொம்பக் கோபப்பட்டாள். விஷயத்தை நான் திரும்பி வந்து படித்துத் தெரிந்துகொண்டேன்.

சார்லஸ் லெட்ஜர் என்ற வியாபாரி, மானுவல் மமானி என்ற பொலிவிய ஆதிவாசி சேகரித்துக் கொடுத்த அருமையான சின்கோனா விதையை 1865-ல் விற்க முன்வந்தார். பிரிட்டிஷ் அரசாங்கம் வேண்டாம் என்றது. டச்சுக்காரர்கள் கொஞ்சம் வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். அந்த மரப்பட்டையில் க்வினைன் பல மடங்கு ஜாஸ்தி. உலகச் சந்தையே ஜாவாவின் கைக்குப் போனது. இலங்கையிலும் எல்லாரும் சின்கோனா போட்டு விலை விழுந்து, அதைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள். விதை சேகரித்த மமானியோ சொந்த ஊரில் பிடிபட்டு, அடிபட்டுச் செத்தார்.

1942-ல் ஜப்பான்காரர்கள் ஜாவாவைப் பிடித்ததும் உலகம் முழுக்க க்வினைனுக்குத் தட்டுப்பாடு. இருந்தது யுத்தத்துக்குப் போயிற்று. நம் நாட்டுக்குச் சாதாரணக் காலத்திலேயே இங்கே விளைந்தது போதாது; யுத்த காலத்தில் எப்படிப் போதும்? பத்து வயது ராஜாத்தி போன்றவர்கள் வரிசையில் கடைசியில் நின்றார்கள்.

யுத்தத்துக்குப் பின் க்ளோரோக்வின் போன்ற செயற்கை மருந்துகள் வந்தன. 1953-ல் நம் நாட்டில் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, டி.டி.டி. அடித்தார்கள். கூடலூரும் வயநாடும் பயமில்லாமல் குடியேறும் இடங்களாயின. 1972-ல் சீனாவில் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும், நம் மாசிபத்திரிக்கு உறவான ஒரு செடியிலிருந்து ஆர்ட்டிமிசினின் என்ற புது மருந்தைப் பிரித்தார்கள். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்போது கடுமையான மலேரியாவுக்கு அந்த வகை மருந்துதான் முதலில். சீனர் கையால் நட்ட மரத்துக்கு அடுத்தபடி வந்தது ஒரு சீனப் பெண் கண்ட மருந்து!

வீட்டுக்கு ஒரு வார்த்தை

சகோதரிகளே, மலேரியா இன்னும் முழுதாகப் போகவில்லை. 2030-க்குள் ஒழிக்க வேண்டும் என்பது நம் அரசாங்கத்தின் குறி. இந்த நோயைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் கண்டுபிடித்தார். அதே வருஷம் ஏப்ரலில் அவருக்கே மலேரியா பிடித்தது நம் ஊட்டிக்குக் கீழே சீகூர் மலைப்பாதையில்தான்!

மலேரியாக் கொசு ராத்திரியில் கடிக்கும். நகரங்களில் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஆகவே மொட்டைமாடித் தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடுக்கில்லாமல் மூடி போடுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம். பழைய மாத்திரையைத் தேடி நீங்களாகக் கொடுக்காதீர்கள். க்வினைனே அளவு மீறினால் காது இரைச்சல், தலைசுற்றல், பார்வைக் கோளாறு எல்லாம் தரும் மருந்து. யாராவது பட்டையைக் காட்டினால் கஷாயம் வைக்கவும் கிளம்பாதீர்கள்.

போகிறவர்களுக்கு

ஊட்டி–கூடலூர் பஸ்கள் எல்லாம் நடுவட்டம் வழியாகத்தான் போகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பேய்மழை, அட்டைத் தொல்லையும் உண்டு. டிசம்பர் முதல் மே வரை நல்ல காலம். வெயில் இருந்தாலும் ஸ்வெட்டரும், பெரியவர்களுக்குக் காதை மூட மஃப்ளரும் அவசியம். வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர் கொண்டுபோவது உத்தமம். அங்கிருந்து கூடலூர் பக்கம் இறங்கினால் தவளைமலையிலும் ஊசிமலையிலும் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். சிறையைப் பார்க்கப் போகுமுன் டான்டீயில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். அவர்களுக்குக் காட்சி காட்டுவதற்காக என்று நினைத்துப் போவீர்கள். திரும்பி வரும்போது உங்கள் குடும்பத்தில் ஒரு பெயர் கூடியிருந்தாலும் இருக்கும். எங்கள் வீட்டில் இந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு ராஜாத்திக்கும் சேர்த்து இலை போட்டோம்.